பனிச்சறுக்குப் பயணமும் பனி முன்னறிவிப்பும்

பனி முன்னறிவிப்பு என்பது ஒரு மலைப்பகுதியில் எப்போது, எந்த உயரத்தில், எவ்வளவு பனி பொழியும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்வதாகும். சரிவு நிலை அறிக்கை என்பது ஏற்கெனவே விழுந்து கிடக்கும் பனி இன்று எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வது. பனிச்சறுக்குக்குச் செல்பவர் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஏனெனில் "30 செ.மீ. புதிய பனி" என்பது சறுக்குபவருக்கு நல்ல செய்தியாகத் தோன்றினாலும், பனிச்சரிவு அபாயத்தைக் கூட்டுவதும் அதே 30 செ.மீ. தான்.

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் மார்கழிக் காலைப் பனித்துளியையும், மூடுபனியையும், வானிலிருந்து உதிரும் வெண்பனியையும் குறிக்கும். இக்கட்டுரையில் அது வெண்பனியை மட்டுமே குறிக்கிறது. எடுத்துக்காட்டாகக் காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்திலுள்ள குல்மார்க் கொள்ளப்படுகிறது.

பனி எங்கிருந்து வருகிறது

காஷ்மீரில் குளிர்காலப் பனியைத் தருபவை 'மேற்கத்திய இடையூறுகள்' எனப்படும் வானிலை அமைப்புகள். மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பகுதிகளிலிருந்து மேல்வளிமண்டல மேலைக்காற்றோடு கிழக்கு நோக்கி நகரும் இவை, இமயமலையில் மோதி மேலெழும்போது ஈரத்தைப் பனியாகக் கொட்டுகின்றன. எனவே குல்மார்க்கின் பனி நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்வதில்லை. இரண்டு மூன்று நாள் கனமாகப் பொழியும், பிறகு பல நாள் வானம் தெளிந்திருக்கும். வலுவான இடையூறுகள் வராவிட்டால் பனியும் இல்லை. டிசம்பர் 21 முதல் ஏறத்தாழ நாற்பது நாள் நீடிக்கும் கடுங்குளிர் காலத்தைக் காஷ்மீரிகள் 'சில்லாய் கலான்' என்பர். அந்தக் காலத்திலேயே, 2024 ஜனவரியில், குல்மார்க் பெரும்பாலும் வெறும் தரையாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் நல்ல பனி வந்தது. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளும் போதிய பனியின்றி மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. நாட்காட்டியை மட்டும் நம்பித் திட்டமிட முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

உயரமும் வெப்பநிலையும்

கைப்பேசியில் 'குல்மார்க்' என்று தேடினால் கிடைக்கும் வெப்பநிலை, பொதுவாக ஊர் இருக்கும் உயரத்துக்கானது. ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை செல்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். ஆகவே கீழே 3 பாகை என்றால் மேலே கழித்தல் 5 பாகைக்கு அருகில் இருக்கும். கீழே மழையோ ஈரப்பனியோ விழும் அதே நேரத்தில் மேலே மாவு போன்ற உலர்பனி விழலாம்.

இதனால்தான் முன்னறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது 'உறைநிலை உயரம்', அதாவது வெப்பநிலை சுழியமாகும் உயரம். விழும் பனி உடனே உருகிவிடாது என்பதால், அந்த உயரத்துக்குக் கீழேயும் இருநூறு முந்நூறு மீட்டர் வரை பனியாகவே வந்து சேரும்.

சென்டிமீட்டர் கணக்கு

கணினி மாதிரிகள் முதலில் கணிப்பது நீரின் அளவை. பனியின் ஆழம் அதிலிருந்து பெறப்படுகிறது. ஒரு மில்லிமீட்டர் நீருக்கு ஒரு சென்டிமீட்டர் பனி என்பது பொதுவான கணக்கு. கடுங்குளிரில் அது ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டராக உப்பும். சுழியத்தை ஒட்டிய வெப்பநிலையில் அரை சென்டிமீட்டர் அளவுக்குக் குறுகும். இரண்டு இணையதளங்கள் ஒரே புயலுக்கு 20 என்றும் 40 என்றும் சொன்னால் அவற்றுள் ஒன்று பொய் சொல்கிறது என்று பொருளல்ல. மூன்று நாளுக்குட்பட்ட கணிப்பை ஓரளவு நம்பலாம். ஒரு வாரத்துக்கு அப்பாலுள்ள சென்டிமீட்டர் எண்களைப் போக்காக மட்டுமே கொள்ள வேண்டும்.

நடந்து முடிந்த பனிப்பொழிவைப் பற்றிய அறிக்கையிலும் எச்சரிக்கை தேவை. பொருளியலாளர்கள் ஜோனதன் ஜின்மன், எரிக் ஜிட்செவிட்ஸ் இருவரும் பனிச்சறுக்கு விடுதிகள் தாமே வெளியிட்ட அளவுகளை ஆராய்ந்தபோது, வார இறுதி நாட்களில் மட்டும் புதிய பனி ஏறத்தாழ 23 விழுக்காடு கூடுதலாகச் சொல்லப்பட்டிருந்தது தெரிந்தது. வானத்துக்குச் சனி, ஞாயிறு தெரியாது. நுழைவுச்சீட்டு விற்பவருக்குத் தெரியும். சறுக்குபவர்கள் உண்மை நிலையைக் கைப்பேசிச் செயலி வழியே உடனுக்குடன் பகிரத் தொடங்கியபின் இந்த மிகைப்படுத்தல் வெகுவாகக் குறைந்தது. விளம்பரத்தைவிட அன்றைய கேமராப் படமே மேல்.

சரிவின் நிலை

ஒரே ஆழப் பனியும் ஒரே மாதிரி இருக்காது. புதிதாக விழுந்த உலர்பனி 'பவுடர்' எனப்படுகிறது. இயந்திரத்தால் அழுத்திச் சமப்படுத்திய பனி தொடக்கநிலையினருக்கு ஏற்றது. பகலில் உருகி இரவில் உறைந்த பனி, காலையில் கண்ணாடிபோல் வழுக்கும். வெயில் ஏறியதும் மேற்பரப்பு இளகிப் பருமணலாகும். பிற்பகலில் சேறாகிக் காலைப் பிடிக்கும். மார்ச் மாதத்தில் ஒரே நாளில் இம்மூன்றையும் காணலாம். வடக்கு நோக்கிய சரிவில் வெயில் குறைவாகப் படுவதால் பனி நெடுநாள் உலர்ந்திருக்கும். தெற்குச் சரிவில் விரைவில் கெடும்.

காற்றும் பனிச்சரிவும்

முன்னறிவிப்பில் பலர் தாண்டிச் செல்லும் வரி காற்றைப் பற்றியது. காற்று ஒரு முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் குவிக்கும். 30 செ.மீ. பொழிந்த இரவில் காற்றுக்கு மறைவான பக்கத்தில் ஒரு மீட்டர் பனி பலகைபோல் இறுகிக் கிடக்கலாம். அடியில் வலுவற்ற படலம் இருந்தால், ஒரே மனிதரின் எடை அந்தப் பலகையை உடைக்கப் போதும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை சாய்வுள்ள சரிவுகளில் நிகழ்கின்றன. சறுக்குபவர்கள் விரும்பித் தேடுவதும் அதே சாய்வைத்தான். உயிரிழப்பு நேரும் நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டிவிடுபவர் அதில் சிக்கியவரோ அவரது குழுவினரோ ஆவர். அபர்வத் பகுதியில் 2023 பிப்ரவரி 1 அன்று நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் குல்மார்க்கில் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்.

ஐரோப்பாவில் 1993 முதல் வழங்கும் பனிச்சரிவு அபாய அளவுகோலுக்கு ஐந்து படிகள் உண்டு. மூன்றாம் படி நடுவில் இருப்பதால் 'நடுத்தரம்' என்று பலர் எண்ணிக்கொள்கின்றனர். உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்தப் படியில்தான் நேர்கிறது. இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கீழ் சண்டிகரில் இயங்கும் நிறுவனம் மாவட்ட வாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வழங்குகிறது. மாவட்ட எச்சரிக்கை ஒரு தனிச் சரிவுக்கான உறுதிமொழி அல்ல. அன்று காலை உள்ளூர்ப் பனிக் காவல் குழு சொல்வதே முடிவானது. அடையாளமிட்ட பகுதிக்கு வெளியே செல்பவரிடம் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணையும் வேண்டும். புதையுண்டவரை உயிருடன் மீட்கும் வாய்ப்பு முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குப் பின் வேகமாகச் சரிகிறது. வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

பயணத் திட்டம்

குல்மார்க்குக்கு ஜனவரி நடுப்பகுதி முதல் பிப்ரவரி இறுதி வரை வாய்ப்பு அதிகம். நான்கு நாள் சறுக்க விரும்புபவர் ஏழு நாள் ஒதுக்குவது நல்லது. கனமழைபோல் பனி கொட்டும் நாளில் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகலாம்; தங்மார்க்கிலிருந்து மேலேறும் சாலையில் சக்கரச் சங்கிலி பூட்டிய வண்டிகளே செல்ல முடியும். புயல் ஓய்ந்த மறுநாள் வானம் நீலமாக இருந்தாலும், காற்றாலோ பனிச்சரிவு அபாயத்தாலோ கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் மூடியிருக்கலாம். அன்று கீழ்ச்சரிவுகளில் பயிற்சி செய்துவிட்டு, காவல் குழு மேல்பகுதியைத் திறக்கும்வரை காத்திருப்பதற்கே அந்த மூன்று உபரி நாட்கள்.