ஏலத்தில் விலை கேட்கும் முன்

பெங்களூரு ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரையிலான மெட்ரோ மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று திறந்து வைக்கப்பட்டது. ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டிய இப்பகுதியில் வீடோ தொழிற்கூடமோ தேடும் வாடிக்கையாளர்கள், வாராக்கடனுக்காக வங்கிகள் ஏலத்தில் விடும் சொத்துகளையும் நாடுவது இயல்பே. அவ்வாறு நாடுவோர், கேட்ட விலை தம்மைக் கட்டுப்படுத்தும் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஏலம் நடைபெறும் முறை

இவ்விற்பனைகள் 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தின்கீழ் நடைபெறுகின்றன. பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை 2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘பாங்க்நெட்’ தளத்தில் காணலாம். பங்கேற்க விரும்புவோர் அடையாள ஆவணங்களுடன் பதிவு செய்து, முன்வைப்புத் தொகையை அறிவிப்பில் குறித்த நாளுக்குள் செலுத்த வேண்டும். பெரும்பாலும் இது குறைந்தபட்ச விலையில் 10 சதவீதமாக இருக்கும். இடைத்தரகர் எவருடைய கணக்கிலும் பணம் செலுத்தலாகாது. ஏலம் முடியும் தறுவாயில் புதிய விலை கேட்கப்பட்டால், அறிவிப்பில் கூறியவாறு நேரம் தானாக நீளும். ஆகவே, தம்மால் இயன்ற உச்ச விலையை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு அமர்வது நலம்.

பணம் செலுத்தும் காலக்கெடு

குறைந்தபட்ச விலை 60 லட்சம் ரூபாய் என்றும், தாங்கள் 64 லட்சத்திற்கு வென்றதாகவும் கொள்வோம். விலையில் 25 சதவீதமான 16 லட்சத்தை அன்றே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள் செலுத்த வேண்டும். முன்வைப்புத் தொகையான 6 லட்சம் போக, ஒரே நாளில் 10 லட்சம் தேவைப்படும். மீதி 48 லட்சத்தை விற்பனை உறுதி செய்யப்பட்ட 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். எழுத்துமூலம் இசைவு பெற்றால் மட்டுமே அவகாசம் நீளும். அதுவும் மூன்று மாதங்களைத் தாண்டாது. சொத்தின் விலை 50 லட்சத்திற்குக் குறையாததால், விலையில் 1 சதவீதத்தை வாங்குபவரே பிடித்தம் செய்து வருமான வரித் துறைக்குச் செலுத்த வேண்டும்.

தவறினால் நேர்வதை, சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா தொடர்புடைய ஒரு வழக்கு உணர்த்துகிறது. 12.32 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தவர் 25 சதவீதமான 3.08 கோடியைச் செலுத்தினார்; மீதியைச் செலுத்த இயலவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் வரை அவருக்குச் சாதகமாக அமைந்த அவ்வழக்கில், முழுத்தொகையையும் வங்கி பறிமுதல் செய்தது செல்லும் என உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 2 அன்று தீர்ப்பளித்தது. எனவே, கடன் பெற்று வாங்க எண்ணுவோர் விலை கேட்கும் முன்னரே கடன் ஒப்புதலைப் பெற்றிருத்தல் அவசியம்.

பார்த்தறிய வேண்டியவை

ஏலச் சொத்து ‘உள்ளது உள்ளபடியே’ விற்கப்படுகிறது. பொம்மசந்திராவின் தொழில்மனைகள் பலவும் கர்நாடகத் தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியம் ஒதுக்கியவை. அத்தகைய மனை குத்தகையில் உள்ளதா, கிரயப் பத்திரம் முடிந்ததா, பெயர் மாற்றத்திற்கு வாரியத்தின் இசைவும் கட்டணமும் தேவையா என விசாரித்தறிய வேண்டும். வீடுகளுக்கு வில்லங்கச் சான்றும், கத்தா எனப்படும் சொத்துவரிப் பதிவும் இன்றியமையாதவை.

பழைய மின்கட்டண நிலுவையையும் கேட்டறிக. விதிகளில் இடமிருப்பின், புதிய இணைப்பு வழங்கும் முன் அந்நிலுவையை ஏலதாரரிடம் மின்வாரியம் கோரலாம் என 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

சொத்து வங்கியின் நேரடிச் சுவாதீனத்தில் உள்ளதா, அறிவிப்பு ஒட்டிய அளவிலான அடையாளச் சுவாதீனம் மட்டும்தானா என்பதும் முக்கியம். பின்னதாயின் குடியிருப்போரை வெளியேற்றக் காலம் பிடிக்கும். கடனாளர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகியுள்ளாரா என்பதையும் அதிகாரம் பெற்ற அலுவலரிடம் கேட்கலாம்.

அறிவிப்பில் குறித்த பார்வையிடும் நாளில் சொத்தை நேரில் காண்க. ஆவணங்களை வழக்கறிஞரிடம் காட்டுக. அதற்கான சிறு செலவு, முன்பணத்தை இழக்கும் நிலையிலிருந்து தங்களைக் காக்கும்.