பாதி நெற்றியும் ஃபேனும்

பாட்டி தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைத்திருந்தாள். கதை வரும் பக்கங்கள் மட்டும்தான் அவளுக்கு வேண்டும். ஆனால் தாளுக்கு இரண்டு பக்கம் உண்டே! அத்தியாயம் முடிந்த தாளின் பின்னால் இருந்த சிரிப்புப் படங்களும் கூடவே வந்து தையலுக்குள் மாட்டிக்கொண்டன. பத்து வயதில் எனக்கு ‘தில்லானா மோகனாம்பாள்’ கதை பிடிபடவில்லை. அந்தப் பின்பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பைண்டர் ஓரம் வெட்டியதில் சில படங்களில் ஒரு கை போயிருக்கும், சிலவற்றில் குடையின் பாதி போயிருக்கும். போனதை மனத்துக்குள் நானே வரைந்து நிரப்பிக்கொள்வேன்.

அவற்றில் பல கோபுலு வரைந்தவை என்று தெரிந்துகொள்ள இன்னும் சில வருஷம் ஆயிற்று. வசனமே இல்லாத படங்கள். ஈஸி சேர், வெற்றிலைப் பெட்டி, கூஜா, கொடியில் தொங்கும் வேட்டி என்று எங்கள் வீட்டுச் சாமான்கள் அத்தனையும் அதில் இருந்தன. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் மாமியின் கோபம் அவள் முழங்கையில் தெரியும். சாவியின் நாவலான ‘வாஷிங்டனில் திருமணம்’ 1963இல் விகடனில் தொடராக வந்தபோது, அந்தக் கற்பனைக் கல்யாணத்தை வாசகர்கள் நேரில் பார்த்தது போல உணர்ந்ததில் அவர் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவையே வரைந்தாலும் அதில் நடமாடியவர்கள் தஞ்சாவூர்க்காரர்கள்தானே.

அந்தக் கைக்குப் பின்னால் மாலி இருந்தார். டி.ஆர். மகாலிங்கம் என்கிற மாலி. கச்சேரிக்குப் போய் உட்கார்ந்து, பாடகர் வாய் எந்தச் சங்கதிக்கு எப்படிக் கோணுகிறது என்று பார்த்து வரைந்தவர். கோபாலன் என்ற கும்பகோணம் ஓவியப் பள்ளி மாணவரைக் கோபுலு ஆக்கியவரும் அவர்தான். 1941இல் தீபாவளி மலருக்காக மாலி அவரிடம் கொடுத்த வேலை, திருவையாற்றில் தியாகராஜர் பூஜித்த ராமர் பட்டாபிஷேகப் படத்தை அந்த வீட்டுக்கே போய்ப் பார்த்து வரைந்து வருவது. சிரிப்புப் படத்துக்கும் பட்டாபிஷேகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். எனக்கு அதில்தான் எல்லாமே இருப்பதாகத் தோன்றுகிறது. போய் உட்கார், பார், அப்புறம் வரை. மாமியின் முழங்கையைக் கண்டுபிடித்ததும் அப்படிப் பார்த்துப் பழகிய கண்தான்.

அன்றைய அச்சு முறையும் இந்தக் கண்ணுக்குத் துணையாக இருந்தது. இண்டியன் இங்க்கில் நிப்பால் பெரிதாக வரைந்த படத்தைக் கேமராவில் சிறிதாக்கி, துத்தநாகத் தகட்டில் அமிலம் விட்டு அரித்து, மரக்கட்டையில் ஏற்றுவார்கள். அதற்குப் பெயர் பிளாக். கோட்டு பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் ஒன்றும் கிடையாது. நெருக்கமாகக் கோடு போட்டால் மட்டமான காகிதத்தில் மை அப்பி அந்த இடமே கருந்திட்டாகிவிடும். அதனால் ஒரு மூக்குக்கு ஒரு கோடு. எந்தக் கோடு வேண்டாம் என்று தீர்மானிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பின்னாளில் மதன் வரைந்த ரெட்டைவால் ரெங்குடு, முன்ஜாக்கிரதை முத்தண்ணா, இலங்கையில் சி. சிவஞானசுந்தரம் 1963இல் தொடங்கிய ‘சிரித்திரன்’ இதழின் சவாரித் தம்பர் என எல்லாரையும் நமக்கு நாலே கோட்டில் அடையாளம் தெரிந்தது.

இன்று சிரிப்பு வந்து சேரும் வழியே வேறு. காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் வடிவேலு முகம் பத்து நிற்கும். 2001இல் ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் காண்டிராக்டர் நேசமணியாக வந்த வடிவேலுவின் தலையில் விழுந்த சுத்தியல், 2019 மே மாதம் உலகம் முழுக்க டிரெண்ட் ஆனது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். மீம் போடும் பிள்ளைகளின் வேகத்தையும் சமயோசிதத்தையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு விஷயம் மனத்தில் உறுத்துகிறது. மீமில் முகம் ஏற்கெனவே தயார். சித்தப்பாவின் கஞ்சத்தனத்துக்கும் அந்த முகம், மேனேஜரின் கோபத்துக்கும் அதே முகம். சித்தப்பா பணத்தை எண்ணும்போது விரலை எங்கே நனைத்துக்கொள்வார் என்று யாரும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

அதற்காக அன்றைய சிரிப்பெல்லாம் தங்கம் என்று சொல்லிவிட முடியாது. பாட்டியின் பைண்டை இப்போது புரட்டினால் பூரிக்கட்டையோடு நிற்கும் மனைவியை எண்ணி மாளாது. மாமியார் என்றால் சண்டைக்காரி, வேலைக்காரி என்றால் திருடி, திக்குவாய் என்றால் சிரிப்பு. சமையலறையை இத்தனை முறை வரைந்தவர்களில் அந்த அடுப்படியில் தினம் நின்றவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலும் ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்தபடி உள்ளே எட்டிப் பார்த்து வரைந்த சமையலறை அது. இன்று அங்கே நிற்பவர்களே வரைகிறார்கள். டேப்லெட்டும் பேனாவும் இருந்தால் போதும். பத்திரிகை ஆசிரியர் மேஜையில் காத்துக் கிடக்க வேண்டாம், பிளாக் செலவு இல்லை. இரவு பதினொன்றுக்குப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வரைந்தால் பதினொன்றரைக்கு இன்ஸ்டாகிராமில் இருக்கும். இந்த மாற்றத்தை நான் முழு மனசோடு வரவேற்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படி வரைகிறாள். வேலை பெங்களூரில், அம்மா மயிலாடுதுறையில். போன வருஷம் அவள் போட்ட ஒரு படம், நாலே கட்டம், வசனம் இல்லை. முதல் கட்டத்தில் வீடியோ காலில் சுற்றும் சீலிங் ஃபேன் மட்டும். இரண்டாவதில் ஃபேனோடு பாதி நெற்றியும் குங்குமமும். மூன்றாவதில் காது. போனைக் காதில் வைத்துக்கொண்டுவிட்டாள் அம்மா. நாலாவதில் கால் முடிந்துவிட்டது. இப்போதுதான் முதல் முறையாக அம்மாவின் முழு முகம். போன் திரையைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருக்கிறாள், பெண்ணின் முகத்தைத் துடைப்பது போல.

நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் எழுந்து என் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

அதை எங்கே பார்த்து வரைந்தாய், கால் முடிந்த பிறகு நடப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஊருக்குப் போயிருந்தபோது அம்மா தம்பியோடு பேசுவதைக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். மூன்று நாள், அதே நேரத்துக்கு. மாலி இருந்திருந்தால் அவளுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்.

கோபுலு 2015இல் மறைந்தார். முதுமையில் பக்கவாதத்தால் வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டவர் அவர். இதை அவளிடம் சொன்னபோது தன் இரண்டு கைகளையும் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாலு கட்டப் படத்தை அவள் அம்மாவுக்கும் அனுப்பியிருந்தாள். சிரிப்பு முகம் எதுவும் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அம்மாவிடமிருந்து குரல் பதிவு வந்தது.

“நன்னாத்தான் இருக்கு. ஆனா என் மூக்குத்தி ஒத்தக் கல் இல்லையேடி. அதை மாத்தி ஆறு மாசம் ஆச்சு.”

படத்தைத் திறந்து, நாலாவது கட்டத்தில் அந்த ஒரு புள்ளியை அழித்தாள். புது மூக்குத்தி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டாள்.