பெருங்காயம் வந்துவிட்டது, சோறு இன்னும் வரவில்லை

மயிலாப்பூர் மாட வீதிகளின் நாட்டு மருந்துக் கடைகளில் பால் பெருங்காயம் கேட்டால் எடுத்துத் தரும் கட்டிக்குப் பிறந்த மண் பெரும்பாலும் ஆப்கானிஸ்தான். இல்லையென்றால் ஈரான் அல்லது உஸ்பெகிஸ்தான். ஆண்டுக்குச் சுமார் 1,200 டன் கச்சாப் பெருங்காயத்தை இந்த மூன்று நாடுகளிலிருந்தும் இந்தியா வாங்குகிறது என்பது நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் சொன்ன கணக்கு. அந்த மன்றத்தின் பாலம்பூர் ஆய்வகம் 2020 அக்டோபர் 15 அன்றுதான் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் நாற்றை நட்டது. வேரிலிருந்து பால் எடுக்க ஏறக்குறைய ஐந்தாண்டு காத்திருக்க வேண்டிய செடி அது. காபூலுக்கும் தில்லிக்கும் இடையே 2017 ஜூனில் சரக்கு விமானப் போக்குவரத்து தொடங்கியபோது முதல் விமானம் சுமந்து வந்த 60 டன் சரக்கில் பெரும்பகுதி பெருங்காயம். தி.நகர் உலர்பழக் கடைகளில் கயிற்றில் கோத்துத் தொங்கும் அத்திப்பழமும், நோன்பு மாதத்திலும் தீபாவளியிலும் விற்றுத் தீரும் கிஸ்மிஸும் பாதாமும்கூட அதே மலைநாட்டோடு நமக்குள்ள பழைய வாணிபத்தின் தொடர்ச்சிதான். இப்படி நம் ரசத்திலும் பாயசத்திலும் அன்றாடம் இருக்கிற ஒரு நாட்டின் சோற்றை நாம் தின்று பார்த்திருக்கிறோமா என்றால், பெரும்பாலோர் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

உடனே ஒரு மறுப்பு எழும். அடையாறிலும் தி.நகரிலும் தந்தூர் அடுப்பு வைத்திருக்கும் பல உணவகங்களின் மெனு கார்டில் ‘ஆப்கானி சிக்கன்’ இருக்கிறதே? இருக்கிறது. முந்திரி விழுது, கிரீம், தயிர், கசூரி மேத்தி சேர்த்து ஊறவைத்துச் சுட்ட வெள்ளைக் கோழி அது. வட இந்திய உணவக மரபில் உருவான பண்டம். காபூலிலோ ஹெராத்திலோ ஒரு வீட்டுச் சமையலறையில் அதைத் தேடினால் கிடைக்காது. சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆப்கன் சாப்பாடு என்றாலே கொழுப்பும் கிரீமும் நிறைந்த, விருந்துக்கு மட்டும் உகந்த, பணக்காரச் சாப்பாடு என்று நாம் எண்ணிக்கொள்ள அந்தப் பெயர் காரணமாகிவிட்டது. உண்மை இதற்கு நேர் எதிர். ஆப்கன் உணவு அடிப்படையில் அடக்கமான வீட்டுச் சாப்பாடு. அது பிழைத்திருப்பது சிறிய, பகட்டில்லாத, தெருவோரத்து உணவகங்களில்தான். அப்படிப்பட்ட உணவகம் ஒரு நகரத்துக்கு வர வேண்டுமென்றால் சமையல் குறிப்பு மட்டும் வந்தால் போதாது, சமைத்துச் சாப்பிடும் மனிதர்கள் வர வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் அந்தச் சாப்பாடு எப்படியிருக்கும் என்று பார்க்கலாம். காபூலி புலாவ்தான் அதன் தலைவாசல். நீண்ட அரிசியை ஊறவைத்து, முக்கால் பதம் வேகவைத்து வடித்துக்கொள்கிறார்கள். ஆட்டிறைச்சியை வெங்காயத்தோடு வதக்கி நீர் விட்டு வேகவைக்கிறார்கள். வெங்காயம் எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவுக்குச் சோறும் பழுப்பேறும். அந்த இறைச்சிச் சாற்றைச் சோற்றில் ஊற்றி, சீரகம், ஏலக்காய், மிளகு, பட்டைப் பொடி தூவி, மூடி தம்மில் வைக்கிறார்கள். மெல்லிய குச்சிகளாக நறுக்கிய கேரட்டும் கிஸ்மிஸும் சிறிது சர்க்கரையோடு எண்ணெயில் வதங்கி மேலே அமரும். இறைச்சித் துண்டு சோற்றுக்கு அடியில் மறைந்திருக்கும். மிளகாய்க்கு இதில் இடமே இல்லை. அடுத்தது மந்து. மெல்லிய கோதுமை மாவுத் தகட்டில் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்து மடித்து ஆவியில் வேகவைப்பது. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடிக்கும் கைக்கு இது புதிய வேலையல்ல. வெந்ததன் மேல் பூண்டு தட்டிப்போட்ட தயிரை ஊற்றி, பருப்புக் குழம்பு ஒரு கரண்டி விட்டு, உலர்ந்த புதினாவைத் தூவுகிறார்கள். உருளைக்கிழங்கோ பூசணியோ வெங்காயத் தாள் போன்ற கந்தனா கீரையோ உள்ளே வைத்துத் தட்டிச் சுட்டால் போலானி. கத்தரிக்காயை வட்டமாக அரிந்து பொரித்து, தக்காளியில் புரட்டி, பூண்டுத் தயிரின் மேல் பரப்பினால் போரானி. குடிக்க, வெள்ளரியும் புதினாவும் சேர்த்த தோக் என்னும் மோர். எல்லாம் முடிந்தபின் ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர். விரல்நுனியால் வரிவரியாக அழுத்திச் சுட்ட நீளமான நான் ரொட்டி இவை எல்லாவற்றுக்கும் துணை.

இந்தச் சாப்பாடு சென்னைக்கு ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன், மற்றவை எப்படி வந்தன என்று கேட்க வேண்டும். இன்று ‘நம்ம ஊர் டிபன்’ என்று நாம் உரிமை கொண்டாடுவதில் பெரும்பங்கு தென் கன்னடத்து உடுப்பிக்காரர்கள் இங்கே பிழைக்க வந்து தொடங்கிய ஓட்டல்கள் வழியாகப் பரவியது. அந்த வரிசையில் வந்த கே. கிருஷ்ணராவ் 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். 1962-இல் நெ வின் ஆட்சியைப் பிடித்துக் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபின், பர்மாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் திரும்பிய தமிழர்கள் அத்தோவையும் மொகிங்காவையும் கொண்டுவந்தார்கள். பாரிமுனைப் பக்கம் செகண்ட் லைன் பீச் தெருவில் மாலை நேரத் தள்ளுவண்டிகளில் வாழைத்தண்டு சூப்போடு இன்றும் அது விற்கிறது. முதலில் அதைத் தின்றவர்களும் பர்மாவிலிருந்து வந்தவர்களே. நகரின் நடுவே கிரீம்ஸ் சாலையில், சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருபவர்களை நம்பி மருத்துவமனையைச் சுற்றி வங்காளி மெஸ்கள் முளைத்தன. நோயாளிக்குத் துணையாக வந்தவர் மாதக்கணக்கில் தங்க நேரும்போது, மசூர் பருப்பும் கடுகு விழுது சேர்த்த மீன் குழம்பும் அவருக்கு ருசி சார்ந்த விஷயம் மட்டுமல்ல, தெம்பு சார்ந்த விஷயம். அண்மைக் காலத்தில் பெருகியிருக்கும் ஏமன் நாட்டு மந்திச் சோறும் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர்கள் கேரளம் வழியாகவும், ஏமன் வம்சாவளியினர் வாழும் ஐதராபாத் பார்க்கஸ் வழியாகவும் தென்னகத்தில் வேரூன்றியது. ஒவ்வொன்றிலும் சமைத்தவரின் சொந்த சனமே முதல் வாடிக்கையாளர். பருப்பில் உப்பு குறைந்தாலும் அரிசி குழைந்தாலும் ‘எங்கம்மா இப்படிச் செய்ய மாட்டாள்’ என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆள் இருந்தது. அந்தக் கண்டிப்புதான் ஒரு சமையலைக் காப்பாற்றுகிறது. ஆப்கானி சிக்கனுக்கு நம் ஊரில் அப்படிச் சொல்ல ஆளில்லை.

ஆள் இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்குத் தில்லியின் லாஜ்பத் நகர் சாட்சி. 1947 பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்த உருவான பகுதி அது. பின்னர், போர் ஓயாத நாட்டிலிருந்து அலையலையாக வந்த ஆப்கன் குடும்பங்களும், தெற்குத் தில்லி மருத்துவமனைகளுக்கு வரும் ஆப்கன் நோயாளிகளும் அங்கேயே தங்கினார்கள். மருந்துக் கடை, விடுதி, பயண முகவர் அலுவலகம் என்று பல பெயர்ப்பலகைகளில் தாரி மொழி எழுத்து ஏறியது. கூடவே நான் ரொட்டி சுடும் அடுப்புகளும் காபூலி புலாவ் பரிமாறும் சிறு உணவகங்களும் வந்தன. அவை யாரையும் வியக்க வைக்கத் திறக்கப்பட்டவை அல்ல. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒருவரின் மகனுக்கு மதியச் சோறு வேண்டியிருந்தது, அதற்காகத் திறந்தார்கள். அதனாலேயே அங்கே சோறு சரியாக இருக்கிறது. தில்லிக்காரர்கள் அதைக் கண்டுகொண்டு போகத் தொடங்கியது பிற்பாடு நடந்தது. இதற்கு முன்பும் அந்த நகரத்தில் இதுவே நடந்திருக்கிறது: பெஷாவரிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் 1947-இல் தரியாகஞ்சில் திறந்த மோத்தி மஹாலில்தான் தந்தூரிக் கோழி இந்தியாவெங்கும் போக வழி பிறந்தது. கைபர் கணவாயின் இந்தப் பக்கத்து அடுப்பு பாண்டி பஜார் வரை வந்துவிட்டது; அந்தப் பக்கத்துச் சோறு தில்லியோடு நின்றுவிட்டது.

சென்னையில் ஆப்கன் மக்களே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகையில் ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் ஆப்கன் மாணவர்கள் படித்திருக்கிறார்கள். ஆனால் மாணவர் ஓர் ஊரில் சில ஆண்டுகள் தங்குபவர். கடை வாடகைக்கு முன்பணம் கட்டிக் குடும்பத்தோடு காலூன்றுபவர் அல்லர். அந்த மெல்லிய இழையும் 2021 ஆகஸ்ட்டில் அறுந்தது. தாலிபான் காபூலைப் பிடித்த பத்து நாட்களில், இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கானியர்களின் விசாக்கள் எல்லாம் செல்லாது என்று உள்துறை அமைச்சகம் அறிவித்தது. விடுமுறைக்கு ஊர் போயிருந்த மாணவர்கள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். அகதிகள் தொடர்பான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால், இங்கே தஞ்சம் புகுந்தவர் தொழில் உரிமம் எடுத்துக் கடை திறப்பதும் எளிதான காரியமல்ல. ஆகவே நம் நாக்கின் மேல் பழியைப் போடுவதில் நியாயமில்லை. நம் மனசின் மேலும் போட வேண்டாம். 2023 அக்டோபர் 23 அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தானை எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்ற ஆப்கன் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது, இந்த ஊர் கைதட்டி ஆர்ப்பரித்தது. 2025-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையில் 24 விக்கெட் எடுத்த நூர் அகமதை இங்கே யாரும் அந்நியராகப் பார்க்கவில்லை. பிரியம் இருக்கிறது. குடியமரும் வழிதான் இல்லை.

ஊருக்கு ஏற்ப உணவு மாறுவது இயல்புதானே, கோபி மஞ்சூரியனைச் சீனர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன, ஆப்கானி சிக்கனை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. பர்மாவின் அத்தோவும் சென்னையில் மாறித்தான் இருக்கிறது. ஆனால் அது தெரிந்தவர் கை வழியாக, தின்றவர் வாய் சொல்லச் சொல்ல மாறியது. மூலத்தை ஒருமுறையாவது அறிந்த ஊரில் நடக்கும் மாற்றம் வளர்ச்சி. மூலம் இன்னதென்றே தெரியாத இடத்தில் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டால், அந்த மக்களைப் பற்றி நமக்கு ஒரு தவறான எண்ணமே மிஞ்சுகிறது. போரும் வறுமையும் தவிர வேறொன்றும் அறியாமல் நாம் பேசும் ஒரு நாட்டைப் பற்றி, அவர்கள் தினமும் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதாவது சரியாகத் தெரிந்திருப்பது நல்லது.

காரமில்லாத சோற்றைத் தமிழ் நாக்கு ஏற்குமா என்பது இன்னொரு ஐயம். காரம் இல்லாவிட்டால் நமக்கு இறங்காது என்பது நம்மைப் பற்றி நாமே பரப்பிய பாதி உண்மை. வெண்பொங்கலில் மிளகும் சீரகமும் நெய்யும்தானே பேசுகின்றன? தயிர்சாதம் இல்லாமல் எந்தப் பந்தி முடிகிறது? அரிசியை வடிப்பது, பருப்பைக் குழம்பாக்குவது, மாவை ஆவியில் வேகவைப்பது, வெயிலுக்கு மோர் குடிப்பது என்று ஆப்கன் சமையலின் அடிப்படைகள் நமக்கு ஏற்கெனவே பழக்கம். இனிப்பும் இறைச்சியும் ஒரே தட்டில் சேர்வதுதான் சிலருக்கு முதலில் நெருடும். கேரட்டையும் கிஸ்மிஸையும் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடாமல், ஒரு கவளத்திலாவது சேர்த்துச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மயிலாப்பூரின் சைவ வீடுகள் கேட்கும் கேள்வி இதைவிடக் கடினமானது, அதற்குச் சமாதானம் சொல்லி நழுவக் கூடாது. போலானி, போரானி, நான், தயிர் என்று ஒரு சைவ மதியத்தை நிறைவாகவே அமைக்கலாம். ஆனால் புலாவின் உயிர் இறைச்சிச் சாறு. மேலே கறி இல்லை என்பதால் சோறு சைவமாகிவிடாது. ஆஷக் என்னும் கீரைக் கொழுக்கட்டையின் மேலும் வழக்கமாகக் கொத்துக்கறி விழும். கேட்டுத் தெரிந்துகொண்டே தட்டை வாங்க வேண்டும். இறைச்சி பக்கத்து மேசைக்குப் போவதையே ஏற்காதவர்களுக்கு இது உகந்த இடமல்ல, அதை அவர்களிடம் மறைக்கவும் தேவையில்லை.

தாலிபான் ஆளும் நாட்டின் சாப்பாட்டைக் கொண்டாடுவதா என்று கேட்பவர்களும் உண்டு. அயல்நாட்டில் ஆப்கன் உணவகம் நடத்துபவர்களில் பலர் அந்த ஆட்சிக்கோ, அதற்கு முந்தைய போர்களுக்கோ தப்பி வந்தவர்கள். தில்லியில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடு ஆப்கன் பெண்கள் சேர்ந்து ‘இல்ஹாம்’ என்ற பெயரில் ஒரு சமையல் குழு நடத்தினார்கள். புது ஊரில், புது மொழியில், கையில் இருந்த சமையலைக் கொண்டு சம்பாதிக்க அவர்களுக்கு அது வழியாயிற்று. சென்னைக்கு அதைவிடச் சிறிய தொடக்கமே போதும். இந்த ஊருக்கு மெஸ் என்னும் அருமையான ஏற்பாடு பழக்கம்: மாத டோக்கன், குறைந்த வாடகை, இரண்டு மூன்று பண்டம், தீர்ந்ததும் கதவடைப்பு. அடையாறு, கிண்டிப் பக்கத்துக் கல்லூரிகள் தங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்காக ஒரு சமையலறையை வாரம் ஒருநாள் திறந்துவிடலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவைக் கல்லூரியே தன் பெயரில் எடுக்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் ஓர் அண்டா புலாவ், கத்தரிக்காய் போரானி, ஒரு வாளி தோக். அந்த மாணவர்களுக்கு முதல் பந்தி, ஊருக்கு இரண்டாம் பந்தி.