காலை ஏழு மணிக்கு ஒரு தடவை: அட்மிஷன் மெயிலுக்காகக் காத்திருக்கிறவங்களுக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக, பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் ஸ்ரீரங்கத்துல இருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. திருச்சியில இன்ஜினீயரிங் முடிச்சிட்டு, ஒரு வருஷம் வேலை பார்த்துட்டு, அமெரிக்காவுல ஏழு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிற பொண்ணு. "அக்கா, மார்கழியில அப்ளை பண்ணேன். இப்போ பங்குனி. ஒரு பதிலும் வரலை. ராத்திரி தூக்கம் இல்ல. பாட்டி தினமும் 'கடுதாசி வந்துதா'ன்னு கேக்கறாங்க. பாட்டிகிட்ட எரிஞ்சு விழுந்துட்டேன். அதுதான் இப்போ அட்மிஷனைவிட அதிகமா வலிக்குது." இவ்வளவுதான் அந்த நோட். நாற்பது செகண்ட்கூட இருக்காது.

இதைக் கேட்டதும் எனக்கு என் கதை ஞாபகம் வந்துச்சு. சில வருஷத்துக்கு முன்னாடி நானும் இப்படித்தான். போனைத் தலைகாணிக்கு அடியில வச்சுட்டுப் படுப்பேன். பக்கத்துப் பாயில தங்கச்சி. அவ முழிச்சிடக் கூடாதுன்னு திரை வெளிச்சத்தைக் குறைச்சுட்டு, ராத்திரி ரெண்டரை மணிக்கு மெயிலைத் திறப்பேன். ஒரு ராத்திரி நான் ரொம்ப எதிர்பார்த்த இடத்துல இருந்து 'மன்னிக்கவும்' மெயில் வந்துச்சு. யாரையும் எழுப்ப மனசில்லை. பால்காரர் வர்ற வரைக்கும் திண்ணையில உட்கார்ந்திருந்தேன். அப்புறம் குளிச்சிட்டு வேலைக்குப் போனேன். அதே மெயிலைக் காலையில ஏழு மணிக்குப் படிச்சிருந்தாலும் அதுல ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. ஆனா கையில காபி இருந்திருக்கும், பக்கத்துல அம்மா இருந்திருப்பாங்க.

முதல்ல ஒரு விஷயம். காத்திருக்கும்போது பதட்டமா இருக்குன்னா அது உங்க மனசு பலவீனம்னு அர்த்தம் இல்ல. 2016ல லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஒரு ஆய்வு பண்ணாங்க. 45 பேரை ஒரு கம்ப்யூட்டர் கேம் ஆட வச்சாங்க. திரையில ஒரு பாறை வரும். அடியில பாம்பு இருக்கா இல்லையான்னு யூகிக்கணும். பாம்பு இருந்தா கையில ஒரு ஷாக் அடிக்கும், நிஜமாவே வலிக்கிற ஷாக். ஆடுறவங்களோட வியர்வை, கண்ணோட பாப்பா விரியறது எல்லாத்தையும் அளந்தாங்க. யாருக்கு அதிகப் பதட்டம் தெரியுமா? ஷாக் நிச்சயம் உண்டுன்னு தெரிஞ்சவங்களுக்கு இல்ல. அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம்னு, வாய்ப்பு சரிபாதியா இருந்தப்போதான் பதட்டம் உச்சத்துல இருந்துச்சு. நிச்சயமா வரப்போற வலியைவிட 'வருமா வராதா'தான் உடம்பை அதிகமா வாட்டுது.

இதையே ஷாக் இல்லாம, நிஜ வாழ்க்கையில பார்த்தவங்க கேட் ஸ்வீனி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட ரிவர்சைடு வளாகத்துல உளவியல் பேராசிரியர். அங்க வக்கீல் ஆகிறதுக்கான தேர்வை ஜூலையில எழுதிட்டு, முடிவுக்கு நவம்பர் வரை காத்திருக்கணும். அந்த நாலு மாசமும் அந்தப் பட்டதாரிகளை அவங்க குழு தொடர்ந்து கவனிச்சது. எல்லாரும் ஏதாவது ஒரு உத்தி வச்சிருந்தாங்க. ஒருத்தர் நினைக்காமலே இருக்கப் பார்த்தார், ஒருத்தர் நல்லதே நடக்கும்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டார். எதுவும் பெருசா வேலைக்கு ஆகலை. கவலை ஆரம்பத்துல அதிகமா இருந்துச்சு, நடுவுல தணிஞ்சுது, முடிவு நெருங்க நெருங்கத் திரும்ப ஏறுச்சு. இன்னொரு விஷயமும் கண்டுபிடிச்சாங்க. காத்திருக்கும்போது அதிகமா கவலைப்பட்டவங்க, கெட்ட சேதி வந்தப்போ அதை மத்தவங்களைவிட நல்லா தாங்கிக்கிட்டாங்க. நல்ல சேதி வந்தப்போ அதிகமா சந்தோஷப்பட்டாங்க.

அதனால 'ரிலாக்ஸா இரு, பாசிட்டிவா யோசி'ன்னு நான் சொல்லப்போறதில்லை. அப்படிச் சொல்ற சொந்தக்காரங்க ஏற்கெனவே நிறையப் பேர் இருக்காங்க. பதட்டம் இருக்கட்டும். அதைச் சுத்தி இருக்கிற மத்த விஷயங்களை எவ்வளவு நிச்சயமாக்க முடியும்னு பார்க்கலாம்.

நேரத்துல இருந்து ஆரம்பிப்போம். அமெரிக்காவுல மெயிலை அனுப்பறதும் ஒரு ஆபீஸ்தான். கிழக்குக் கரையில காலை ஒன்பது மணின்னா, மார்ச் பாதிக்கு மேல, நமக்கு சாயந்தரம் ஆறரை. அங்க சாயந்தரம் ஐந்துன்னா நமக்கு ராத்திரி ரெண்டரை. கலிஃபோர்னியா இன்னும் மூணு மணி நேரம் பின்னாடி, அங்க ஆபீஸ் மூடும்போது இங்க விடியக்காலை ஐந்தரை. அப்போ நீங்க ஆபீஸ்ல, பஸ்ல, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு பகல் முழுக்க நாற்பது தடவை மெயிலைத் திறக்கிறீங்களே, அந்த நேரத்துல அங்க எல்லாரும் தூங்கிட்டு இருக்காங்க. அபூர்வமா தானா அனுப்புற போர்ட்டல் மெயில் ஏதாவது வரலாம், அவ்வளவுதான். பார்க்க வேண்டிய நேரம் ஒண்ணே ஒண்ணு: காலை ஏழு மணி. அதுலயும் சனி, ஞாயிறு அங்க லீவு. சனிக்கிழமை காலையில பார்த்துட்டீங்கன்னா அடுத்து செவ்வாய்க்கிழமை காலைதான். வாரத்துக்கு ஐந்தே தடவை.

'கட்டுப்படுத்த முடியலையே அக்கா'ன்னு கேப்பீங்க. உண்மைதான், ஏன்னா அது சூதாட்ட மெஷின் மாதிரி. எப்போ பரிசு விழும்னு தெரியாதப்போதான் கை விடாம அதை இழுத்துக்கிட்டே இருக்கும். நோட்டிஃபிகேஷனை அணைச்சு வச்சுட்டு, ராத்திரி போனைச் சமையலறையில சார்ஜ் போட்டுடுங்க. நம்ம டெல்டாவுல மேட்டூர் நீர்மட்டத்தை எப்படிப் பார்க்கிறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. தண்ணி வந்தாதான் நாத்து. அதைவிடப் பெரிய காத்திருப்பு என்ன இருக்கு? ஆனா 'இன்று காலை நிலவரப்படி'ன்னு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கேக்கறாங்க. திறக்கிறதுக்கு ஜூன் 12னு ஒரு தேதி வச்சிருக்காங்க. அந்தத் தேதி சில வருஷம் தள்ளிப்போகும், அது வேற கதை. இப்போ அம்மா மண்டபம் படித்துறையில போய் நின்னா தண்ணியைவிட மணல்தான் அதிகம். அதுக்காக யாரும் மேட்டூர் போய் மதகு முன்னாடி படுத்துக்கிறதில்லை.

உங்களுக்கும் ஒரு தேதி இருக்கு: ஏப்ரல் 15. அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளுக்கு ஒரு கூட்டமைப்பு இருக்கு. உதவித்தொகையோட வர்ற இடத்தை ஏத்துக்கிறீங்களா இல்லையான்னு ஏப்ரல் 15க்கு முன்னாடி பதில் சொல்லச் சொல்லி மாணவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு அதுல கையெழுத்துப் போட்ட பல்கலைக்கழகங்கள் ஒத்துக்கிட்டிருக்கு. பணம் இல்லாம வெறும் அட்மிஷன் மட்டும் தர்ற மாஸ்டர்ஸ் படிப்புக்கு இது பொருந்தாது, கவனம்.

இதனால என்ன ஆகுதுன்னா, பந்தி மாதிரி. கல்யாண வீட்டுல முதல் பந்தி எழுந்தாதான் அடுத்த பந்திக்கு இலை போட முடியும். முதல்ல அழைப்பு வாங்கினவங்க மூணு நாலு இடத்தைக் கையில வச்சுக்கிட்டு ஏப்ரல் வரைக்கும் யோசிப்பாங்க. அவங்க வேண்டாம்னு சொன்ன பிறகுதான் அடுத்த ஆளுக்கு மெயில் போகும். உங்களுக்கு இன்னும் 'இல்லை'ன்னு வரலைன்னா, வாசல்ல நிக்கிறீங்கன்னு அர்த்தமா இருக்கலாம். ஏப்ரல் முதல் ரெண்டு வாரத்துல நிறைய நகரும். இதுல நீங்க செய்யக்கூடிய ஒரு நல்ல காரியமும் இருக்கு. கையில ரெண்டு இடம் இருந்து ஒண்ணுக்குக் கண்டிப்பா போகப்போறதில்லைன்னா, இன்னைக்கே வேண்டாம்னு எழுதிடுங்க. எங்கேயோ ஒருத்தர் காலை ஏழு மணிக்கு மெயிலைத் திறந்துக்கிட்டிருக்காங்க.

கேட் எழுதிட்டு ஐ.ஐ.டி. எம்.டெக்குக்குக் காத்திருக்கிறவங்களுக்கும் இதே கதைதான். அங்க கோவாப் போர்ட்டல்ல ஒரு பட்டனுக்கே 'ரிட்டெய்ன் அண்ட் வெயிட்'னு பேர் வச்சிருக்காங்க: கிடைச்சதை வச்சுக்கோ, அடுத்த சுத்துக்குக் காத்திரு. ஐ.ஐ.எம். வெயிட்லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்கும் முன்னாடி நிக்கிறவங்க நகர்ந்தாதான் நம்பர் நகரும்.

வாட்ஸ்அப், டெலிகிராம் குரூப் பத்தி ஒரு வார்த்தை. 'எனக்குக் கிடைச்சிடுச்சு'ன்னு போடறவங்க போடுவாங்க. கிடைக்காதவங்க பேசாம குரூப்பை மியூட் பண்ணிடுவாங்க. அதனால அங்க பார்த்தா உலகத்துல எல்லாருக்கும் கிடைச்ச மாதிரியும் உங்களுக்கு மட்டும் கிடைக்காத மாதிரியும் தெரியும். மார்க் விவரம் போட்டு ஒப்பிடறதும் வீண்தான். ஒரு பேராசிரியர்கிட்ட அந்த வருஷம் ஆராய்ச்சிப் பணம் இருக்கா இல்லையாங்கிறது உங்க ஃபைல்ல எங்கேயும் எழுதியிருக்காது. 2025ல அரசாங்க நிதி எப்படி இருக்கும்னு தெரியாம சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பி.எச்டி. இடங்களையே குறைச்சிட்டாங்க. அந்த வருஷம் கிடைக்காதவங்கள்ல எத்தனை பேர் 'எனக்குத் திறமை பத்தலை'ன்னு நினைச்சிருப்பாங்க!

சரி, காலை ஏழே கால் ஆச்சு. மெயில் வரலை. மிச்ச இருபத்து மூணே முக்கால் மணி நேரம்? ஸ்வீனியோட குழு பார்த்ததுல உண்மையாவே கொஞ்சம் உதவின விஷயம், நேரம் போறதே தெரியாம மூழ்கிப்போற மாதிரியான வேலை. ரீல்ஸ் பார்க்கிறது அதுல வராது. அது நேரத்தைத் தின்னும், மனசு மட்டும் அங்கேயே நிக்கும். வேலை கொஞ்சம் கஷ்டமா இருக்கணும், ஆனா கைக்கு எட்டணும், செய்யச் செய்ய முன்னேறுறது கண்ணுக்குத் தெரியணும். பெரிய புள்ளிக் கோலம் போடறவங்களைப் பார்த்திருப்பீங்களே, ஒரு புள்ளி தப்பினா தெரிஞ்சுடும். நான் என்ன பண்ணேன்னா, பக்கத்து வீட்டுப் பையனுக்கு பத்தாம் வகுப்பு பரீட்சை, அவனுக்கு முக்கோணவியல் சொல்லிக்கொடுத்தேன். இந்த மாசத்துல எந்தத் தெருவுல போனாலும் பப்ளிக் எக்ஸாம் பயத்துல ஒரு பிள்ளை இருக்கும். தினமும் ஒரு மணி நேரம். அவனோட பயத்தைச் சமாளிக்கிற அந்த நேரத்துல என் பயம் ஞாபகத்துக்கே வராது. 81 வாங்கினான்.

இப்போ பாட்டி விஷயத்துக்கு வருவோம். உண்மையில அந்த வாய்ஸ் நோட் அதைப் பத்தினதுதான்.

நமக்கெல்லாம் தெரிஞ்ச ஒரு திருச்சி மாணவர் கதை இருக்கு. அப்துல் கலாம் 1950ல செயின்ட் ஜோசப் கல்லூரிக்கு வந்தார். 1954ல பி.எஸ்சி. இயற்பியல் முடிச்சார். அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில விமானப் பொறியியல் படிக்கத் தேர்வானார். தேர்வானாலும் சேர சுமார் ஆயிரம் ரூபாய் வேணும். வீட்டுல இல்லை. அக்கா ஜோஹரா தன்னோட தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சுக் கொடுத்தாங்க. படிப்பு முடிச்சதும் டெல்லியில ஒரு அரசு வேலைக்கும், டேராடூன்ல விமானப்படைக்கும் இன்டர்வியூ. விமானப்படையில 25 பேர்ல எட்டுப் பேரை எடுத்தாங்க, இவர் ஒன்பதாவது. நொந்துபோய் ரிஷிகேஷ் போய் சுவாமி சிவானந்தரைப் பார்த்துட்டு டெல்லி திரும்பினார். அந்த இன்னொரு இன்டர்வியூ என்னாச்சுன்னு கேக்கப் போனப்போ வேலை உத்தரவைக் கையில கொடுத்தாங்க.

எல்லாரும் அந்த ஒன்பதாவது இடத்தைப் பத்தித்தான் பேசுவாங்க. எனக்கு ஜோஹராதான் ஞாபகம் வருவாங்க. அடகு வச்ச வளையல் திரும்பி வர்ற வரைக்கும் ராமேஸ்வரத்துல அவங்களும்தானே காத்திருந்திருப்பாங்க? உங்க வீட்டுலயும் அப்படித்தான். விண்ணப்பக் கட்டணம் ஒண்ணு நூறு டாலருக்குப் பக்கத்துல. ஏழு இடம்னா ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். அந்தப் பணம் எங்க இருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். பாட்டி கேக்கறது வேவு பார்க்கிறதுக்கு இல்ல. அவங்களுக்கும் போர்ட்டல் இருக்கு. அது நீங்கதான். அவங்களும் ரெஃப்ரெஷ் பண்றாங்க.

அதனால பாட்டிக்கும் ஒரு தேதி கொடுங்க. "பாட்டி, சித்திரை ஒண்ணு வரைக்கும் ஒண்ணும் தெரியாது. முன்னாடியே வந்தா உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன்"னு சொல்லுங்க. சித்திரை ஒண்ணு ஏப்ரல் 14, அடுத்த நாள்தான் நம்ம ஏப்ரல் 15. இந்த வருஷம் எங்கேயும் அமையலைன்னா என்ன செய்யறதுன்னும் ஒரு தாள்ல எழுதி வச்சுக்கோங்க. அந்தத் தாளை எடுத்துப் படிக்க வேண்டிய அவசியமே வராமலும் போகலாம். ஆனா அது மேஜையில இருந்தா ராத்திரி அதை மண்டைக்குள்ள ஓட்டிக்கிட்டே இருக்க வேண்டாம்.

முக்கியமான ஒண்ணு. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் சரியா வரலை, சாப்பிட முடியலை, எதுலயும் ஈடுபாடு இல்ல, இல்லைன்னா 'நான் இல்லாமலே போயிட்டா பரவாயில்ல'ன்னு ஒரு எண்ணம் எட்டிப் பார்க்குதுன்னா, காலை ஏழு மணி யோசனையெல்லாம் அதுக்குப் போதாது. 14416க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ், மத்திய அரசோட மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் பண்ணலாம், தமிழ்லயே பேசலாம். தமிழ்நாடு அரசோட 104ம் இருக்கு.

இந்த எபிசோடைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட இருந்து இன்னொரு நோட் வந்துச்சு. ஒரு இடம் இல்லைன்னு சொல்லிட்டாங்களாம். ஒண்ணு வெயிட்லிஸ்ட். ஐந்து இன்னும் பாக்கி. "பாட்டிகிட்ட வெயிட்லிஸ்ட்னா என்னன்னு சொன்னேன் அக்கா. 'நம்ம ரயில் டிக்கெட் மாதிரிதானே, கன்ஃபார்ம் ஆகும்'னு சொல்லிட்டு முறுக்கு சுத்தப் போயிட்டாங்க."

அடுத்த வாரம் கல்விக் கடன் பத்திப் பேசலாம்: எதை அடமானம் கேப்பாங்க, வட்டி எப்போ ஓட ஆரம்பிக்கும், யார் கையெழுத்துப் போடணும்னு. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. ராத்திரி ரெண்டரை மணிக்கு மட்டும் வேண்டாம்.