கம்ப்யூட்டருக்கு வல்லாரை

மனிதர்களுக்கு ஞாபகசக்தி குறைந்தால் வல்லாரைக் கீரையைச் சாப்பிடச் சொல்வது நம் நாட்டு வழக்கம். யார் வீட்டுக் கொல்லையில் முளைத்த வல்லாரையானாலும் யாருக்கும் கொடுக்கலாம். கம்ப்யூட்டருக்கு ஞாபகசக்தி போதாமற் போனாலோ சங்கதி அவ்வளவு சுலபமில்லை. அதற்குரிய மருந்தாகிய 'ரேம்' என்னும் சிறு தகடு, ஒரு வீட்டு யந்திரத்துக்கு அமிர்தமாகவும் அடுத்த வீட்டு யந்திரத்துக்கு அடியோடு உபயோகமற்றதாகவும் இருக்கும்.

ரேம் எதற்கு என்று நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. சமையலறையிலேயே உதாரணம் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் என்பது உக்கிராண அறை; ரேம் என்பது அடுப்பங்கரை மேடை. மேடை குறுகலாயிருந்தால் கடுகுக்கு ஒரு தடவை, பெருங்காயத்துக்கு ஒரு தடவை என்று உக்கிராண அறைக்கு ஓடவேண்டும். 4 ஜி.பி. ரேமுடன் முக்கி முனகும் யந்திரங்கள் செய்வது இதைத்தான். 2020-ஆம் வருஷத்துக் கொள்ளை நோயின்போது பள்ளிக்கூடம் வீட்டுக்கே வந்துவிட, தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கங்களில் பரண்மேல் கிடந்த எத்தனையோ டெஸ்க்டாப்புகள் மறுபிறவி எடுத்தன. அவற்றை இன்று காயலான் கடைக்குப் போடுமுன், மேடையை அகலமாக்கிப் பார்ப்பது குடும்பத்துக்கு லாபம்.

சேலையூரில் நமக்குத் தெரிந்த குடும்பஸ்தர் ஒருவர் அப்படித்தான் தீர்மானித்தார். மின்சார ரயிலேறி, அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவுக்குச் சென்றார். "டெஸ்க்டாப்புக்குத்தானே, ஸார்?" என்றார் கடைக்காரர். "ஆமாம்" என்றார் இவர். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் வீட்டுக்கு வந்து மாட்டப் பார்த்தால் தகடு ஸ்லாட்டில் இறங்க மறுத்தது. வாங்கியது டி.டி.ஆர்.4, யந்திரத்துக்கு வேண்டியதோ டி.டி.ஆர்.3.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-ஆம் வருஷம் தொடங்கி 2004 வரையில் மீட்டர் கேஜில் ஓடியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வண்டி நல்ல வண்டிதான். பக்கத்திலே போட்ட அகலப் பாதையும் நல்ல பாதைதான். ஆனால் அதில் இது ஓடாது. ரேமின் தலைமுறைகளும் அவ்விதமே. டி.டி.ஆர்.3 தகட்டில் 240 தொடுமுனைகள், மின்னழுத்தம் 1.5 வோல்ட். டி.டி.ஆர்.4-இல் 288 முனைகள், 1.2 வோல்ட். டி.டி.ஆர்.5-இலும் 288 முனைகளே என்றாலும் 1.1 வோல்ட். தகட்டின் அடியிலுள்ள வெட்டு ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு இடத்தில் இருக்கிறது. ஆகவே பலாத்காரமாய் அழுத்துவதில் பிரயோஜனம் இல்லை. ஸ்லாட்தான் உடையும்.

எந்தத் தலைமுறை என்று நிச்சயிப்பது மதர்போர்டு. பிராசசரின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது போதாது. இன்டெல்லின் 12-ஆம் தலைமுறைப் பிராசசர் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டோடும் வேலை செய்யும், ஆனால் அதைத் தாங்கும் மதர்போர்டு அநேகமாய் இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும். பெட்டியைத் திறந்தால் போர்டின் பெயர் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அதையும் பழைய தகட்டின் லேபிளையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். முடிந்தால் பழைய தகட்டையே காகிதத்தில் சுற்றி எடுத்துப் போவது உத்தமம். திறக்க அஞ்சுகிறவர்கள் விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருங்கே அழுத்தி, டாஸ்க் மானேஜரில் மெமரிப் பக்கத்தைப் பார்க்கலாம். எத்தனை ஸ்லாட் உண்டு, எத்தனை நிரம்பியிருக்கிறது, வேகம் என்ன என்பதெல்லாம் தெரியும். வேகம் 1333 அல்லது 1600 என்றிருந்தால் அநேகமாய் டி.டி.ஆர்.3, 2400, 2666, 3200 என்றால் டி.டி.ஆர்.4, 4800-க்கு மேல் டி.டி.ஆர்.5.

தலைமுறை பொருந்தினால் மட்டும் கல்யாணம் முடிந்துவிடாது; இன்னும் சில பொருத்தங்கள் உண்டு. லாப்டாப் ரேம் டெஸ்க்டாப் ரேமில் ஏறக்குறையப் பாதி நீளம். அரசாங்கம் பிள்ளைகளுக்குக் கொடுத்த பழைய லாப்டாப்பிலிருந்து எடுத்து டெஸ்க்டாப்பில் போட நினைப்பது வீண். வேடிக்கை என்னவெனில், உள்ளங்கை அகலத்தில் வரும் குட்டி டெஸ்க்டாப்புகள் பலவற்றுக்கு லாப்டாப் ரேம்தான் வேண்டும்! மிக மலிவாய்க் கிடைக்கும் சர்வர் ரேமோ இன்னும் பொல்லாதது. ஸ்லாட்டில் சாதுவாய் உட்கார்ந்துகொள்ளும். சாதாரண போர்டில் யந்திரம் மட்டும் கிளம்பாது.

போர்டின் கொள்ளளவும் ஒரு விஷயம். ஜி41 சிப்செட் கொண்ட பழைய போர்டுகள் மொத்தம் 8 ஜி.பி.க்கு மேல் ஏற்பதில்லை. அதிலும் 4 ஜி.பி. தகட்டில் 8 சில்லுகள் இருந்தால் அநேகமாய்த் திரும்பிப் பார்க்காது. 16 சில்லுகள் வேண்டும். எச்61 போர்டு 16 ஜி.பி. வரை தாங்கும். 32-பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜி.பி.க்குமேல் பிரயோஜனமில்லை, முதலில் 64-பிட்டுக்கு மாறவேண்டும்.

ஒரே 8 ஜி.பி. தகட்டைவிட இரண்டு 4 ஜி.பி. தகடுகள் ஜோடியாய் வேகமாக வேலை செய்யும். இரட்டை மாடு பூட்டிய வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். வேகம் வேறுபட்ட இரண்டைப் பூட்டினால் இரண்டும் மெதுவான மாட்டின் நடையில்தான் போகும். 2025-ஆம் வருஷப் பிற்பகுதியில் ரேம் விலை உலகமெங்கும் கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை அறிவுக் கம்பெனிகள் சில்லுகளை அள்ளிக்கொண்டதே முக்கிய காரணம். ஆகவே பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாகப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.

மாட்டும்போது மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத் தகட்டை ஓரத்தில் பிடிக்கவேண்டும். கிளிப் 'டக்'கென்று தானே மூடிக்கொண்டால் சரியாய் இறங்கிவிட்டது. பீப் பீப் என்று அலறினால் எடுத்து, தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் இலேசாய்த் துடைத்து மறுபடி மாட்டலாம். டி.டி.ஆர்.5 யந்திரங்கள் புது ரேமைப் பழகிக்கொள்ள முதல் தடவை சில நிமிஷங்கள்கூடத் திரையைக் கறுப்பாக வைத்திருக்கும். அதற்குள் சுவிட்சை அணைத்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டத் தொடங்கிவிடவேண்டாம்.