ஒன்றைச் சுட்ட மற்றொன்று விலகும்

கணிப்பொறித் திரையில் படிவம் ஒன்றை நிரப்பும்போது சிறு வட்டங்கள் சில வரிசையாக நிற்பதைக் காண்கிறோம். ஒன்றைச் சுட்டினால் அதனுள் புள்ளி தோன்றும். முன்பு வேறொன்றில் இருந்த புள்ளி தானே மறையும். இவற்றை வானொலிப் பொத்தான்கள் என்பர். பெயர்க்காரணம் சுவையானது. பழைய மோட்டார் கார்களில் பொருத்திய வானொலிப் பெட்டியில் நிலையத்திற்கு ஒன்றாகப் பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினால், முன்னர் அழுந்தியிருந்தது துள்ளி வெளியே வந்துவிடும். ஒரே வேளையில் இரு நிலையங்களைக் கேட்க இயலாதன்றோ! அங்கே பொத்தான்களைப் பிணைத்தது உள்ளிருந்த இயந்திர அமைப்பு. திரையில் அவற்றைப் பிணைப்பது எது என்பதே ஈண்டு நாம் காணப்போகும் பொருள்.

அருகருகே நிற்பதனாலேயே பொத்தான்கள் ஒரு குழுவாகிவிடும் என்று எண்ணத் தோன்றும். பெரும்பாலும் அஃது உண்மையன்று. அமெரிக்காவின் பெர்க்லியில் ஜான் ஓஸ்டர்ஹவுட் உருவாக்கிய 'டிகே' என்னும் கருவித்தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 1991இல் வெளிவந்த அத்தொகுப்பே பைத்தான் மொழியில் 'டிக்கிண்டர்' என்னும் பெயரில் இன்றும் வழங்குகிறது. இதில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு மாறியும் ஒரு மதிப்பும் தருகிறோம். மாறி என்பது ஒரே ஒரு மதிப்பைத் தாங்கும் பெட்டி. பொத்தானைச் சுட்டினால் அதன் மதிப்பு பெட்டியில் எழுதப்படும். அப்பெட்டியைச் சார்ந்த பொத்தான்கள் யாவும், 'உள்ளே இருப்பது என் மதிப்புத்தானா?' என்று பார்க்கும். ஆம் எனில் புள்ளியைக் காட்டும், இல்லையெனில் மறைக்கும். ஒரு பொத்தான் மற்றொன்றை அறியாது. எல்லாம் பெட்டியையே அறியும்.

இனி, சேர்க்கைப் படிவம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதற்பகுதி மொழி தமிழா, அரபியா, இந்தியா என்பது ஒரு வினா. விடுதி வேண்டுமா, வேண்டாவா என்பது மற்றொரு வினா. நிரல் எழுதுபவர் கவனமின்றி இரண்டிற்கும் ஒரே மாறியைத் தந்துவிட்டால் என்னாகும்? மாணவர் மொழியைத் தேர்ந்த பின் 'விடுதி வேண்டும்' என்பதைச் சுட்டியவுடன், மேலே மொழிக்கு இட்ட புள்ளி ஓசையின்றி மறையும். கணிப்பொறி பிழை என்று எச்சரிக்காது. அதன் கணக்கில் யாவும் முறையே. மாணவர் விரும்பிய மொழியோ பதிவாகாமற் போயிற்று! மாறியே தராமல் விட்டாலும் இதே நிலைதான். 'செலக்டட்பட்டன்' என்னும் பொது மாறியை டிகே தானாகவே எல்லாவற்றிற்கும் கொடுத்துவிடும்.

மற்றொரு விந்தையும் உண்டு. 2007இல் வந்த 8.5ஆம் பதிப்பு முதல், மாறி வெறுமையாக இருந்தால் பழைய வகைப் பொத்தான்கள் யாவும் பாதி தேர்ந்தெடுக்கப்பட்டவை போலத் தோன்றும். எதையும் தேராத நிலையில் படிவத்தைத் தொடங்க வேண்டின், எப்பொத்தானின் மதிப்போடும் பொருந்தாத சொல் ஒன்றை மாறியில் இட்டுவைக்க வேண்டும்.

ஜாவாவின் 'ஸ்விங்' தொகுப்பில் பிணைப்பது 'பட்டன் குரூப்' என்னும் பொருள். அது கண்ணுக்குப் புலப்படாது. சுற்றிலும் கட்டம் வரைந்து தலைப்பிடுவது வேறு வேலை. கட்டத்தினால் குழு அமையாது. 'க்யூடி'யோ இதற்கு நேர்மாறு. ஒரே தாய்ச்சட்டத்திற்குள் வைத்த வானொலிப் பொத்தான்கள் தாமே ஒரு குழுவாகிவிடும். ஆகவே அங்கே இரு வினாக்களை ஒரே சட்டத்தில் அப்படியே வைப்பதுதான் இடர்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தேர்ந்துவைக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அச்சிடும் தாள் நெடுக்கிலா கிடக்கையிலா என்பது போன்ற அமைப்புகளில் வழக்கமானதை முன்னரே தேர்ந்துவைப்பது உதவியே. ஆயின், ஒருவர் தம்மைப் பற்றிக் கூறவேண்டிய விடையை நாமே முன்கூட்டி இட்டுவைப்பது, அவர் வாயில் நம் சொல்லைத் திணிப்பதாகும் என்றே கருதுகிறோம். படிக்காமல் கடந்து செல்பவரின் விடையும் அவர் விருப்பம் போலவே பதிவாகிவிடும். அத்தகைய வினாக்களை வெறுமையாக விட்டு, விடை வந்த பின்னரே படிவத்தை ஏற்பது நன்று.

அதிலும் ஒரு சிக்கல் உளது. வானொலிப் பொத்தானை ஒருமுறை சுட்டிவிட்டால், மீண்டும் சுட்டி அதனை நீக்க இயலாது. ஸ்விங்கில்கூடத் தேர்வை அழிக்கும் வழி 2006இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவும் நிரலருக்கே அன்றிப் பயனருக்கு அன்று. விடை கூற விரும்பாதவர் தவறுதலாக ஒன்றைச் சுட்டிவிட்டால் திரும்பும் வழியின்றி நிற்பார். அவருக்காக, 'கூற விரும்பவில்லை' என்றொரு பொத்தானையும் அதே மாறியோடு பிணைத்துவைக்க வேண்டும்.