ஜார்ஜ் ஹென்றி தாமஸ்

ஜார்ஜ் ஹென்றி தாமஸ் (சூலை 31, 1816 – மார்ச் 28, 1870) ஐக்கிய அமெரிக்கத் தரைப்படைத் தளபதிகளுள் ஒருவர். தென்மாநிலமான வெர்ஜீனியாவில் பிறந்தும், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் ஒன்றியப் படையில் நின்று போரிட்டவர். "சிக்கமாகாவின் பாறை" என்ற பட்டப்பெயரால் அறியப்படுகிறார்.

இளமை

சவுதாம்ப்டன் மாவட்டத்தில் அடிமைகளை வைத்திருந்த பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். 1831-இல் நாட் டர்னர் தலைமையில் அங்கு அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, 15 வயதான தாமஸ் குடும்பத்தாருடன் வீட்டைவிட்டுத் தப்பியோட நேர்ந்தது. வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்விக்கழகத்தில் 1840-இல் தேறினார். அங்கே அவரது அறைத்தோழர் வில்லியம் ஷெர்மன். மெக்சிக்கோப் போருக்குப் பின் அதே கல்விக்கழகத்தில் பயிற்றுநராக இருந்தபோது, அதன் தலைவராக வந்தவர் இராபர்ட் லீ.

1861-ஆம் ஆண்டின் முடிவு

வெர்ஜீனியா பிரிந்தபோது லீ பதவி விலகித் தெற்கின் பக்கம் சென்றார். தாமஸ் செல்லவில்லை. அவர் மனைவி நியூயார்க் மாநிலத்தவர் என்பதே காரணம் என்று சிலர் கூறினர். இருபது ஆண்டுகளாகக் காத்த படை உறுதிமொழியை மீற மனம் வரவில்லை என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. சகோதரிகள் அவரது படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தனர் என்பர். வடக்கிலும் சிலர் அவரைத் தென்னாட்டார் என்று ஐயத்துடனே நோக்கினர்.

போர்க்களத்தில்

1862 சனவரியில் கென்டக்கியின் மில் ஸ்பிரிங்ஸில் வென்றார். அவருக்குப் புகழ் தேடித்தந்தது 1863 செப்டம்பரில் சார்ஜியாவில் நடந்த சிக்கமாகா சண்டை. இரண்டாம் நாள், தளபதி ரோஸ்கிரான்ஸ் பிறப்பித்த தவறான ஆணையால் ஒன்றிய அணியில் இடைவெளி விழுந்தது. அதன் வழியே லாங்ஸ்ட்ரீட்டின் படை புகுந்தது. ரோஸ்கிரான்ஸே சட்டனூகாவுக்குப் பின்வாங்கிவிட்டார். தாமஸ் மட்டும் சிதறியவர்களைத் திரட்டி, ஸ்னாட்கிராஸ் குன்றில் மாலைவரை தாக்குதல்களைத் தடுத்து நின்றார். கிரேஞ்சர் கொண்டுவந்த துணைப்படையும் தோட்டாக்களும் தக்க நேரத்தில் உதவின. எஞ்சிய படை தப்பியது இதனால்தான்.

1864 டிசம்பரில் நாஷ்வில்லில் ஹூட்டின் படையை எதிர்கொண்டார். உடனே தாக்குமாறு கிராண்ட் தந்திமேல் தந்தி அனுப்பினார். குதிரைகள் போதாமையாலும், தரையெங்கும் பனி உறைந்திருந்ததாலும் தாமஸ் காத்திருந்தார். அவருக்குப் பதிலாக லோகன் அனுப்பப்பட்டார். அவர் வந்து சேருமுன்பே, டிசம்பர் 15, 16 நாட்களில் தாமஸ் தாக்கி ஹூட்டின் படையைச் சிதறடித்தார். மெதுவானவர் என்ற பெயரை மட்டும் அவரால் உதற முடியவில்லை.

பிற்காலம்

போருக்குப் பின் தென்மாநிலங்களில் பணியாற்றி, விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் காக்கப் படைகளைப் பயன்படுத்தினார். 1868-இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அளிக்க முன்வந்த பதவி உயர்வை, அதிலிருந்த அரசியலை உணர்ந்து மறுத்தார். சான் பிரான்சிஸ்கோவில், தமது போர்ப்பணியைக் குறைகூறிய கட்டுரைக்கு மறுப்பு எழுதிக்கொண்டிருந்த நாளில் பக்கவாதத்தால் காலமானார். மனைவியின் ஊரான டிராயில் அடக்கம் நடந்தது. வெர்ஜீனியாவிலிருந்து உடன்பிறந்தார் எவரும் வரவில்லை.